சொறிமுட்டை திரளும்போது கூட்டு மீனைக் காப்பது எப்படி: வன்னிக் கரையோரப் பண்ணையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டில் மீன் வளர்ப்பவர்கள் புயலுக்குப் பயப்படுவார்கள், கள்ளருக்குப் பயப்படுவார்கள், தீன் விலைக்குப் பயப்படுவார்கள். சொறிமுட்டையை, அதாவது ஜெல்லிமீனை, நாம் சுருக்கமாகச் சொறி என்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சிரித்துவிடுவார்கள். கையில் பட்டால் கடிக்கும், வலையில் ஏறினால் பாரம், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதுதான் பலருடைய எண்ணம். வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவருக்கு அந்த எண்ணம் போதும். சொறி வந்தால் அவர் வலையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாம், அவர் பிடிக்கும் மீனும் விலகிப் போகும். கூட்டுக்குள் கிடக்கும் கொடுவாவுக்கும் பால்மீனுக்கும் அந்த வசதி கிடையாது.

2007 நவம்பரில் வட அயர்லாந்தின் கிளெனாம் குடாவில் பெலாஜியா என்ற ஊதா நிறச் சொறி திரண்டு வந்து, ஒரு பண்ணையின் கூடுகளில் இருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சல்மன் மீன்களைக் கொன்றது. அந்தச் சொறியின் குடை உள்ளங்கை அளவுதான். நோர்வேயில் 2002ஆம் ஆண்டு சல்மன் கூடுகளைத் தாக்கிய மக்கியா என்ற இனம் இன்னும் சிறியது, ஒரு செ.மீ. கூட வராது. அதே நாட்டில் 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அப்பொலேமியா என்ற, முத்துமாலை போல நீண்டு மிதக்கும் இனம் மீண்டும் வந்து பெரிய நிறுவனங்களையே திணறடித்தது. அந்த நாடுகளில் இதற்கென்று கையேடுகள் உண்டு, கருவிகள் உண்டு, ஆய்வுகூடங்கள் உண்டு.

அந்தக் கையேடுகளை அப்படியே எடுத்து இங்கே பாவிக்க முடியாது. அவை முப்பது, நாற்பது மீற்றர் ஆழமான குளிர்ந்த கடலுக்கு எழுதப்பட்டவை. பூநகரியிலும் நாச்சிக்குடாவிலும் நம் ஆட்கள் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் தடி நட்டுத் தொழில் செய்கிறார்கள். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் போன்ற கடனீரேரிகளும் ஆழமற்றவைதான். "கூட்டை ஆழத்துக்கு இறக்குங்கள்" என்று நோர்வேக்காரர் சொன்னால் நாம் எங்கே இறக்குவது? ஆனால் ஆழமின்மை முழுக்க நட்டமும் இல்லை. அவர்களால் செய்ய முடியாத ஒன்று நம்மால் முடியும், அதைப் பிறகு சொல்கிறேன். இயந்திரம் வாங்க வழியில்லாதவருக்குக் கைகொடுப்பவை இடத் தெரிவும் காற்றுக் கணக்கும் காலைப் பார்வையும்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில்: மீன் எதனால் சாகிறது?

இதை விளங்கிக்கொள்ளாமல் பின்னால் வரும் படிகளைச் செய்தால் பாதி வேலை பிழைக்கும்.

சொறியின் கீழே தொங்கும் தும்புகளில் கொட்டும் கலங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஊசி ஒன்று. தொட்ட மறுகணம், கண் இமைப்பதற்கும் வெகு முன்பே அது பாய்ந்துவிடும். மீனின் தோலைச் செதிலும் வழுவழுப்பும் ஓரளவு காக்கும். மீன் மூச்சு விடும் செவுட்பூவை, நாம் பூ என்று சொல்வதைக் காக்க எதுவும் இல்லை. மூச்சுக்காக உள்ளே எடுக்கும் நீரோடு தும்புத் துண்டுகளும் சிறிய சொறிகளும் வாய் வழியே போய் நேரே செவுட்பூவில் படுகின்றன. பூவின் மெல்லிய தோல் வெந்தது போல உரிகிறது, இரத்தம் கசிகிறது, மீன் தன்னைக் காக்கச் சளியைச் சுரக்கிறது. அந்தச் சளியே பிறகு ஒட்சிசன் உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது.

பெரிய சொறி கூட்டு வலையில் மோதி நின்றுவிடும் என்று நிம்மதி அடைய வேண்டாம். நீரோட்டம் அதை வலையோடு சேர்த்து அழுத்தும். கண்ணிகள் அதைத் துருவித் துண்டாக்கி உள்ளே அனுப்பும். துண்டான தும்பும் கொட்டும், செத்த சொறியின் தும்பும் கொட்டும். மிகச் சிறிய இனங்களுக்கோ கண்ணி ஒரு தடையே இல்லை.

இரண்டாவது அடி பற்றீரியாவிலிருந்து வருகிறது. மீனின் பூவை அழுகச் செய்யும் தெனாசிபாக்குலம் என்ற பற்றீரியா சில சொறி இனங்களின் உடலிலேயே குடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊசி குத்திய புண்ணும் அதில் போடும் அழுக்கும் ஒரே கையால் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திரள் கடந்து போய் நாட்கள் ஆன பின்னும் மீன் செத்து மிதப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக, நம் வெப்பம். 10 பாகை வெப்பநிலையில் உள்ள கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். நம் 30 பாகைக் கடல்நீர் நிறைந்திருந்தாலும் 6 மில்லிகிராமுக்குச் சற்றுமேல்தான். குளிர் நாட்டு மீனுக்குப் பூவில் பாதி பழுதானாலும் மிச்சப் பாதியால் சமாளிக்கக் கொஞ்சம் இடமிருக்கிறது. நம் மீனுக்கு அந்த இடம் குறைவு. அதிலும் காற்று விழுந்த பங்குனி, சித்திரை இரவுகளில் விடியப்புறத்து ஒட்சிசன் இன்னும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் சொறி வந்தால், வேறொரு நாளில் பிழைத்திருக்கக்கூடிய மீனும் சாகும்.

படி 1: கூடு நிற்கும் இடத்தைச் சொறியின் கண்ணால் பாருங்கள்

சொறி கொஞ்சம் நீந்தும், ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த அதனால் முடியாது. காற்றும் நீரோட்டமும் எங்கே குப்பையைச் சேர்க்கின்றனவோ அங்கேதான் சொறியும் சேரும். ஆகவே புதுக் கூடு போடுமுன் அந்தக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல், அறுந்த மிதவை, சாதாளை ஆகியவற்றைப் பாருங்கள். அவை குவியும் மூலை உங்களுக்கு உகந்த இடம் இல்லை. ஒதுக்குப்புறமாக, அலை அடிக்காமல், வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்று அதே மூலையைத்தான் பலரும் தேடிப் பிடிக்கிறார்கள்.

வன்னிக்கு இரண்டு கடல் இருக்கிறது, இரண்டுக்கும் இரண்டு காற்று. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் மேற்கே மன்னாரிலிருந்து பூநகரி வரையான கரையை நோக்கி மேல்நீர் தள்ளப்படும். வாடையும் கொண்டலும் முல்லைத்தீவுக் கரைக்கு அதையே செய்யும். உங்கள் கரைக்கு எந்தக் காற்று கடலைத் தள்ளி வருகிறதோ அது விடாமல் சில நாட்கள் அடித்தால், அந்த நாட்கள் ஆபத்தானவை. இதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குஞ்சு விடுவதையும் தரம் பிரிப்பதையும் வலை மாற்றுவதையும் அந்தக் கிழமைகளில் வைக்க வேண்டாம்.

கடனீரேரிக்குள் கூடு வைத்திருப்பவர் முகத்துவாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணல் திட்டு மூடியிருக்கும்வரை வெளிக்கடல் சொறி உள்ளே வராது. வெட்டித் திறந்தாலோ மழை வெள்ளம் உடைத்தாலோ அதற்குப் பிறகு வரும் பெருக்கில் கடல் உள்ளே ஏறும். வடக்கில் கடலின் ஏற்றவற்றம் அரை மீற்றர் அளவுதான் என்றாலும், ஒடுக்கமான வாயில் அந்த அரை மீற்றரே வேகமான ஓட்டமாக மாறும். வாய்க்கு நேரே கூடு வைத்தால் நீர் மாற்றம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. உள்ளே வரும் எதுவும் முதலில் உங்கள் கூட்டில்தான் முட்டும் என்பதும் உண்மை. வாயிலிருந்து விலகி, ஓட்டத்தின் ஓரத்தில் நிற்பதே என் தெரிவாக இருக்கும்.

படி 2: சொறிக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுக்காதீர்கள்

பலருக்குத் தெரியாத செய்தி இது. குடை போல மிதக்கும் சொறி அதன் வாழ்வில் ஒரு பருவம் மட்டுமே. பெரும்பாலான இனங்களில், அதற்கு முந்திய பருவத்தில் அது நுனிவிரல் நகத்திலும் சிறிய பொலிப்பாக, பூண்டு போல ஏதாவது கடினமான பரப்பில் ஒட்டியிருக்கும். கல், சிப்பி, பாலத் தூண், மிதவையின் அடிப்பக்கம், கைவிட்ட கூட்டின் குழாய் எல்லாம் அதற்கு நல்ல இடங்கள். காலம் கூடியதும் ஒரு பொலிப்பிலிருந்து பல குட்டிச் சொறிகள் கழன்று போகும். சேறும் மணலுமான நம் கரைக்கு நாம் பீப்பாயையும் குழாயையும் கொண்டு வந்து போடும்போது, பொலிப்புக்கு இருக்கை போட்டுக் கொடுக்கிறோம்.

அதைவிடக் கிட்டிய ஆபத்து கூட்டு வலையில் இருக்கிறது. வலையில் பழுப்பு மயிர் போல வளரும் பாசியில் ஒரு பகுதி பாசியே இல்லை. அது சொறியின் உறவான ஐதரோவா இனம், அதற்கும் கொட்டும் கலங்கள் உண்டு. கூட்டை நீரில் வைத்தபடியே தூரிகையால் உரசினால் அந்தத் துகள் முழுவதையும் உள்ளே நிற்கும் மீன்தான் மூச்சோடு இழுக்கும். நோர்வேயிலும் அயர்லாந்திலும் நீர்ப்பாய்ச்சி வலை கழுவும் பண்ணைகள் இந்தச் சிக்கலில் இப்போதும் கிடந்து உழல்கின்றன. வலை கழுவிய மறுநாள் மீன் தீன் எடுக்காமல் நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

நம்மிடம் அதற்கு மலிவான மருந்து இருக்கிறது: வெயில். ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு வலை வைத்திருங்கள். புது வலையை வெளிப்புறமாகச் சுற்றி இறக்கி, பழையதை உள்ளிருந்து மெதுவாகக் கழற்றி, கரைக்குக் கொண்டு வந்து விரித்துக் காயவிடுங்கள். முறுகக் காய்ந்த பின் உதறினால் போதும். தண்ணீர் கண்ட வலையைக் காயாமல் சுருட்டி வாடிக்குள் போட்டால் அழுகல் நாற்றம்தான் மிஞ்சும். பீப்பாய் மிதவைகளையும் வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் புரட்டி, அடிப்பக்கத்துக்கு வெயில் காட்டுங்கள். பாவிக்காத கூட்டைத் தண்ணீரில் விட்டு வைக்கவே வேண்டாம்.

படி 3: நாளாந்தப் பார்வை

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கிறேன். திரள் கூட்டில் ஏறிய பிறகு செய்யக்கூடியவை கொஞ்சம். ஒரு நாள் முன்னே தெரிந்தால் செய்யக்கூடியவை நிறைய.

காலைத் தீனிலிருந்து தொடங்குங்கள். நறுக்கிய சூடையோ உருண்டைத் தீனோ, முதற் பிடி விழுந்ததும் கொடுவா கீழிருந்து மேலே பாய்ந்து வாய் அடிக்கும் ஓசை ஒவ்வொரு பண்ணையாளருக்கும் பழக்கம். அந்த ஓசை மெலிந்தால், மீன் மேலே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால், தீன் அடிவலையில் தங்கினால், இரண்டாவது பிடியை எறியாமல் நிறுத்துங்கள். சொறிப் பாதிப்பின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான், செத்த மீன் வெகு பிந்தி வரும். அடுத்து மீன் நிற்கும் விதத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கிறதா, பூமூடி வேகமாக அடிக்கிறதா, தலையை உதறுகிறதா, திடீரெனத் துள்ளுகிறதா, ஓட்டம் வரும் பக்கத்தை விட்டு எல்லாம் மறுபக்க வலையோடு ஒதுங்கி நிற்கின்றனவா?

பிறகு தண்ணீரைப் பாருங்கள். வெறுமனே கூட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டால் போதாது. காற்றடிக்கும் நாட்களில் கடலில் நுரையும் சாதாளையும் நீளக் கோடாகச் சேர்ந்து கிடக்கும். மிதப்பவை அங்கேதான் கூடும், ஆகவே வள்ளத்தை அந்தக் கோட்டின் மேல் விட்டுப் பாருங்கள். காற்று வரும் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய், ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று கடந்து போகும் சொறிகளை எண்ணுங்கள். நாளும் அதே இடம், அதே நேரம்.

கண்ணுக்குத் தெரியாத சிறியவற்றுக்கு ஒரு சிறு வலை தேவை. திரை அச்சு வேலைக்கு விற்கும் மெல்லிய துணி மீற்றர் கணக்கில் கிடைக்கும். அதில் கைக்குட்டை நீளக் குழல் ஒன்று தைத்து, வாய்க்கு ஒரு கம்பி வளையம், வால் முனைக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தல் கட்டினால் போதும். வள்ளத்தைத் தடி ஊன்றித் தாங்கியபடி ஐந்து நிமிடம் மெதுவாக இழுத்து, போத்தலில் சேர்ந்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். குவளைக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பக்கவாட்டில் வெயில் படவிட்டுப் பாருங்கள். கூனிக் குஞ்சுகள் துள்ளும், மீன் குஞ்சுகள் ஓடும். கண்ணாடிச் சொட்டு ஒன்று சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து போனால், அதுதான் நீங்கள் தேடுவது. முதல் நாள் ஒன்றும் புரியாது. நாலைந்து நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

மூன்றாவது பார்வை உங்கள் கண்ணால் பார்ப்பது இல்லை, அயலவரின் வலையால். தடி நட்டுச் சிறகுவலை கட்டியவர் விடியுமுன் மடி தூக்குகிறார். வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் இரவு முழுவதும் வெளிக்கடலில் நிற்கின்றன. சொறியை அவர்கள் உங்களுக்கு முன்னமே காண்பார்கள், ஆனால் கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வெறும் தொல்லை. 

"அண்ணை, இன்றைக்கு மடியில் சொறி எவ்வளவு?"

"ஒரு கூடை நிறைய இருந்தது தம்பி, அள்ளிக் கடலில் கொட்டினோம். முந்தாநாள் நாலைந்துதான்."

இந்த இரண்டு வரித் தொலைபேசிப் பேச்சு எந்தக் கருவியைவிடவும் பெறுமதியானது. இரணைதீவிலோ வலைப்பாட்டிலோ கிராஞ்சியிலோ தொழில் செய்பவர் ஒருவர், உங்கள் பக்கத்துக் கரையில் ஒருவர் என்று காற்று வரும் திசையில் இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்கள் கையில் இருக்கட்டும். கடற்றொழிலாளர் சங்கத்தின் கூட்டத்தில் இதை ஒரு ஏற்பாடாகவே செய்துகொள்ளலாம். பதிலுக்கு அவர்களுக்கும் ஏதாவது செய்யுங்கள். மீன் அறுவடை நாளில் ஒரு கறிக்கு மீன் கொடுத்தால் தொலைபேசி தவறாமல் வரும்.

பார்த்ததை எழுதுங்கள்: காற்றுத் திசை, அமாவாசையா பறுவமா, நீர் வெப்பம், உப்பு, எண்ணிய சொறி, எடுத்த தீன், செத்த மீன். ஒட்சிசன் அளவி இருந்தால் விடியற்காலை அளவையும் சேருங்கள். இத்தனை சொறி வந்தால் ஆபத்து என்று எல்லாக் கடலுக்கும் பொருந்தும் எண் கிடையாது. இனத்துக்கு இனம் நஞ்சு வேறு, கூட்டுக்குக் கூடு ஓட்டம் வேறு. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எண்ணிக்கை இரட்டித்தால், அல்லது சிறு வலையில் முந்திய நாள் இல்லாதது இன்று துடித்தால், அடுத்த படிக்குப் போய்விடுங்கள். வீண் எச்சரிக்கையாகப் போனால் நட்டம் ஒரு நாள் தீன்தான், அதுவும் உங்கள் பையிலேயே இருக்கும்.

படி 4: திரள் வருகிறது என்று தெரிந்ததும்

தீனை உடனே நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் செரிப்பதற்கே அதிக ஒட்சிசன் செலவழிக்கும். பட்டினி கிடக்கும் மீன் குறைந்த மூச்சில் காலத்தை ஓட்டும். இரண்டு மூன்று நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது. எல்லாப் படிகளிலும் செலவே இல்லாதது இதுதான். கடைசி நேரத்தில் மனம் கேளாமல் பலர் தவறவிடுவதும் இதுதான்.

மீனைத் தொடாதீர்கள். தரம் பிரித்தல், இடம் மாற்றுதல், வலை தூக்கிப் பார்த்தல் எல்லாம் நிற்கட்டும். விற்கும் அளவுக்கு வளர்ந்த மீன் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதைத் திரள் வருமுன் பிடித்து ஐஸ் போட்டு விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. நெருக்கமும் குறையும், மிச்ச மீனுக்கு மூச்சு விட இடமும் கிடைக்கும்.

இனி, ஆழமின்மையால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஆழ்கடல் பண்ணையைச் சுற்றி அடி முதல் முடி வரை தடுப்பு வலை கட்ட யாராலும் முடியாது. நம்மால் முடியும், ஏனென்றால் சிறகுவலை கட்டும் கை நம்மிடம் இருக்கிறது. சிறகுவலை மீனை மடிக்குள் கூட்டி வருகிறது. இங்கே நமக்குத் தேவை அதன் மறுதலை: சொறியைக் கூட்டிலிருந்து இரு பக்கமும் விலக்கி அனுப்பும் சிறகு. ஓட்டம் வரும் திசையில், கூட்டிலிருந்து ஒரு பதினைந்து இருபது மீற்றர் தள்ளி, முனை ஓட்டத்தைப் பார்க்க ஆப்பு வடிவில் தடிகளை நட்டு, முடிச்சில்லாத மென்மையான வலையை அடிமண்ணிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல் வரை கட்டுங்கள். கண்ணி ஒரு அங்குலம் அளவில் இருக்கலாம். வலை ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக நிற்கக்கூடாது. நேராக நின்றால் சொறி அதில் அப்பி, நசுங்கி, துண்டாகி உங்கள் கூட்டுக்குள்ளேயே வரும். சாய்வாக நின்றால் வழுக்கிக்கொண்டு ஓரமாகப் போகும்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சிறிய சொறி இதைச் சட்டை செய்யாது. வலையில் அழுக்கு ஏறினால் கூட்டுக்கு வரும் நீரோட்டமே குறைந்து, காப்பாற்றப் போய் மூச்சடைக்கச் செய்துவிடும். ஆகவே தடிகள் நிற்கட்டும், வலை மட்டும் ஆபத்து நாட்களில் ஏறட்டும். தடி நடுமுன் கடற்றொழில் திணைக்களப் பரிசோதகரிடமும் பக்கத்துத் தொழிலாளரிடமும் கேட்டுவிடுங்கள். படகு போகும் வழியில் நட்ட தடி சொறியைவிடப் பெரிய சண்டையைக் கொண்டுவரும்.

சிறிய மிதவைக் கூடாக இருந்தால் இழுத்துச் செல்வதும் ஒரு வழி. வள்ளத்தால் தாங்கியோ கயிற்றால் ஆட்கள் இழுத்தோ, நடை வேகத்திலும் குறைவாக, காற்று மறைவுக்குக் கொண்டு போகலாம். திரள் வந்த பிறகு இதைச் செய்யப் போனால் திரளுக்குள்ளாகவே இழுத்துப் போவீர்கள். முன்னமே என்றால் மட்டும் செய்யுங்கள்.

படி 5: திரள் கூட்டைச் சூழ்ந்திருக்கும் நேரம்

இயந்திரத்தை அணைத்து விடுங்கள். சொறிகளை விரட்டுவதாக எண்ணிக் கூட்டைச் சுற்றி இயந்திரப் படகு ஓட்டுவதைப் போல மோசமான செயல் வேறில்லை. விசிறி அவற்றை அரைத்துத் தும்புக் குழம்பாக்கும். முழுச் சொறியைத் தடுத்த கண்ணி குழம்பைத் தடுக்காது. துடுப்பால் அடிப்பதும் அப்படித்தான். வலையில் அப்பியவற்றை நுண்கண்ணிக் கைவலையால் வெளிப்பக்கத்திலிருந்து அள்ளி, கரைக்குக் கொண்டு போய்க் கொட்டுங்கள். நாலடி தள்ளிக் கடலில் கொட்டினால் ஓட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவரும்.

காற்றூட்டி இருந்தால் அதைக் கூட்டின் நடுவில், அடியில் வையுங்கள். அங்கிருந்து மேலெழும் நீர் மேற்பரப்பில் ஓரங்களை நோக்கி ஓடி, மிதக்கும் சொறியைச் சற்று வெளியே தள்ளும், மீனுக்கும் ஒட்சிசன் கிடைக்கும். ஆனால் அடியில் நிற்கும் சொறியை அது உள்ளே இழுக்கும் என்பதால், எந்த மட்டத்தில் சொறி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கூட்டைச் சுற்றிக் குமிழித் திரை போடுவது பற்றி வெளிநாட்டில் நிறையப் பேசுகிறார்கள். அங்கே நடந்த சோதனைகளில் பலன் ஒரே சீராக இல்லை. கடன் பட்டு வாங்கும் பொருளாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். கொட்டினால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சக் கலங்களும் வெடிக்கும், மணல் போட்டுத் தேய்த்தாலும் அப்படியே. தும்பை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், ஏறத்தாழ 45 பாகையில், இருபது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ கண்ணில் பட்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

படி 6: திரள் போன பிறகு

கடல் தெளிந்ததும் தீன் வாளியைத் தூக்க வேண்டாம். அயர்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் சல்மன்களைச் சில மணித்தியாலம் மட்டும் சந்திரச் சொறியோடு வைத்துப் பிரித்தெடுத்தார்கள். பூவில் காயம் உச்சத்துக்குப் போனது 48 மணித்தியாலம் கழித்துத்தான். மூன்று கிழமைக்குப் பிறகும் முழுதாக ஆறவில்லை. அது வேறு மீன், வேறு குளிர். ஆனாலும் "சொறி போய்விட்டது, மீன் தப்பிவிட்டது" என்று முதல் நாளே முடிவு கட்டக்கூடாது என்பதற்கு அது போதும்.

குறைந்தது இரண்டு நாள் தீன் இல்லாமல் விட்டு, பின் வழமையின் காற்பங்கில் தொடங்குங்கள். அடிக்கும் ஓசை திரும்பினால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இடையில் மெலிந்த மீன் ஒன்றைப் பிடித்துப் பூமூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல பூ சிவந்து, இழை இழையாகப் பிரிந்து நிற்கும். வெளிறிய நிறம், இரத்தப் புள்ளி, திரண்ட சளி, நுனி அரித்து மஞ்சளாகப் போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். பற்றீரியா இருக்கலாம் என்று கடையில் கேட்டு வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லியைத் தீனில் கலப்பது பணத்துக்கும் கேடு, கடலுக்கும் கேடு. தீன் எடுக்காத மீனுக்குத் தீனில் கலந்த மருந்து எப்படிப் போகும்?

காரணத்தை உறுதி செய்ய மாதிரி எடுக்க வேண்டும். இதில் நேரம்தான் எல்லாம். மிதந்து கிடந்த மீனின் பூ எதுவும் சொல்லாது, அது மிக விரைவில் அழுகிவிடும். சாகும் தறுவாயில் நிற்கும் மீன் நாலைந்தைப் பிடித்து, கொன்ற சில நிமிடத்துக்குள் பூ வளைவொன்றை வெட்டி, நூற்றுக்குப் பத்து போமலின் கரைசலில் போடுங்கள். இழையைப் போலப் பத்து மடங்கு கரைசல் இருக்க வேண்டும், உறைய வைக்கக்கூடாது. போமலின் நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம். சொறியையும் தனிப் போத்தலில் எடுங்கள், ஒரு அடிமட்டத்தின் பக்கத்தில் வைத்துப் படமும் எடுங்கள். தேசிய நீரியல் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் கரைசல் போத்தல் இரண்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்தால் அன்று ஓடித் திரிய வேண்டியதில்லை. நீரியல் வள ஆராய்ச்சி செய்யும் நாரா நிறுவனத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கடற்றொழில் துறைக்கும் இப்படிப்பட்ட மாதிரிகள் பயன்படும். நம் கரையில் எந்த இனம் எப்போது வருகிறது என்ற கணக்கு இப்படித்தான் சேரும்.

செத்த மீனை நாளுக்கு இரு தடவை அள்ளி, கரையில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கருவாட்டுக்கும் வேண்டாம், மற்றக் கூட்டு மீனுக்குத் தீனாகவும் வேண்டாம்.

குளமும் கடலட்டைப் பண்ணையும்

கரைக் குளத்தில் இறாலோ பால்மீனோ வளர்ப்பவருக்கு வேலை எளிது. அவரிடம் மதகு இருக்கிறது. ஆபத்து நாளில் நீர் ஏற்றாமல் இருக்க, சேமிப்புக் குளம் ஒன்று நிறைந்திருக்க வேண்டும். ஏற்றத்தான் வேண்டுமென்றால் வெளியே பெருங்கண்ணி, உள்ளே நுண்துணிப் பை என்று இரட்டை வடி போடுங்கள், பை நிறைந்து பிதுங்குமுன் மாற்றுங்கள். பூப் பழுதான கொடுவாவையும் பால்மீனையும் குளத்தில் தேற்றுவதானால், உப்பைப் படிப்படியாக ஆயிரத்துக்குப் பத்துப் பதினைந்து அளவுக்கு இறக்கலாம். மீனின் இரத்தத்து உப்புக்கு அது கிட்டியது என்பதால் உப்பைச் சமன்செய்யும் சுமை குறையும். ஒரேயடியாக நல்ல தண்ணீரில் விட வேண்டாம்.

கௌதாரிமுனை, கிராஞ்சிப் பக்கம் கடலட்டை வளர்ப்பவர்களுக்குச் சொறி நேரடியாகக் கொட்டுவதைவிட அது அழுகுவதே பெரிய தொல்லை. சொறியின் உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவு தண்ணீர்தான் என்றாலும், குவியலாகச் செத்தால் அடிநீரின் ஒட்சிசன் இறங்கும், அமோனியா ஏறும். அட்டை அந்த அடியில்தான் கிடக்கிறது. வற்றுக் காலத்தில் அடைப்பு வலையோரம் நடந்து, ஒதுங்கியதை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

படி 7: மீண்டும் குஞ்சு விடுதல்

உங்கள் கரையை நோக்கிய காற்று ஓயும் வரை பொறுங்கள். வெறுமையான கூட்டின் வலையை இறக்கி, குழாய், பீப்பாய் உட்பட எல்லாவற்றையும் காயவிடுங்கள். சிறு வலையில் தொடர்ந்து ஒரு கிழமை துடிக்கும் சொட்டு எதுவும் அகப்படாவிட்டால் குஞ்சு விடலாம். முதலில் ஒரு கூட்டில் கொஞ்சம் விட்டு, பத்து நாள் கழித்து ஐந்து குஞ்சின் பூவைத் திறந்து பாருங்கள். சிவப்பாக இருந்தால் மற்றக் கூடுகளுக்கும் சொல்லியனுப்பலாம்.